நடந்து அளந்த லெமூரியா

எட்ரியன் ஒடிசி என்ற ஜப்பானிய வீடியோ கேம் வரிசையின் கடைசிப் பாகத்தைப் பற்றித் தமிழ்ச் செய்தித்தாளில் எழுத என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், என் முதல் பதில் இதுதான்: அந்தக் கதை நடப்பது லெமூரியாவில். கடல்கோள், குமரிக்கண்டம், பஃறுளியாறு என்று பட்டிமன்ற மேடையிலும் பள்ளி ஆண்டுவிழாப் பேச்சிலும் நாம் கேட்டு வளர்ந்த அதே லெமூரியா. இரண்டாவது பதில் கொஞ்சம் நீளம். ஒரு நிலத்தை அறிவது என்றால் என்ன, அதன் படத்தைப் போடுகிறவர் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை இந்த வரிசை அளவுக்கு அக்கறையோடு கையாண்ட விளையாட்டை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஒன்று சத்தமில்லாமல் கடைகளிலிருந்து மறைந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நில அளவையாளர். வள்ளியூர்ப் பக்கம் உரிமம் பெற்றுத் தனியாகத் தொழில் செய்கிறேன். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடப்பது, முள்ளுக்குள் புதைந்து கிடக்கும் சர்வே கல்லைத் தேடி எடுப்பது, அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு உட்பிரிவு அளந்து கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. சிங்கப்பூரில் வேலை பார்த்த தம்பி ஒரு விடுமுறைக்கு வந்தபோது தன் நின்டெண்டோ டிஎஸ் கருவியை வீட்டில் விட்டுப் போனான். “அக்கா, இது உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, ஆடிப் பாரு” என்று அவன் சொல்லிக் கொடுத்ததுதான் எட்ரியன் ஒடிசியின் முதல் பாகம். அதன் பிறகு வந்த ஒவ்வொரு பாகத்தையும் அவன் மூலமாகவே வரவழைத்து ஆடினேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அட்லஸ் நிறுவனம் உருவாக்கிய முதல் பாகம் ஜப்பானில் 2007 ஜனவரியில் வந்தது. டிஎஸ் கருவியில் மேலே ஒரு திரை, கீழே ஒரு தொடுதிரை. மேல் திரையில் காடு தெரியும். நம் கண்ணால் பார்ப்பது போலவே தெரியும். கீழ்த்திரையில் வெறும் கட்டம் போட்ட தாள். ஓர் அடி வைத்தால் ஒரு கட்டம். கால் பட்ட கட்டம் தானாக நிறம் மாறும், அவ்வளவுதான். சுவர் எங்கே, கதவு எங்கே, கீழே இறங்கும் படி எங்கே, பெட்டி எங்கே, மிதித்தால் உயிரைக் குறைக்கும் தரை எங்கே என்பதையெல்லாம் ஸ்டைலஸ் குச்சியால் நாமேதான் வரைய வேண்டும். வரையாமல் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். நாலு திருப்பம் கழித்து எங்கே நிற்கிறோம் என்று நமக்கே தெரியாது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1981இல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் என்ற இருவர் அமெரிக்காவில் விஸார்ட்ரி என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். அன்றைய கணினியில் படம் என்று சொல்லிக்கொள்ள கோடுகள் மட்டுமே இருந்தன. சுரங்கத்துக்குள் வழி தொலையாமல் இருக்க, ஆடுபவர்கள் பக்கத்தில் கிராஃப் தாளை வைத்துக்கொண்டு பென்சிலால் வரைந்தார்கள். அமெரிக்காவில் அந்த மோகம் அடங்கிய பிறகும் ஜப்பானியர்கள் அதைக் கைவிடவில்லை. இரண்டு திரைக் கருவி வந்தபோது, முதல் பாகத்தை இயக்கிய காஸுயா நீனோவும் அவருடைய குழுவும் அந்த கிராஃப் தாளைக் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். மற்ற எல்லா நிறுவனங்களும் படத்தைத் தானாக வரைந்து காட்டி, போக வேண்டிய இடத்துக்கு அம்புக்குறியும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. வேலையைக் குறைப்பதுதான் சௌகரியம் என்று எல்லோரும் நினைத்தபோது, வேலைதான் இன்பம் என்று நம்பியவர்கள் இவர்கள்.

அந்த வரிசையில் என்னை முழுதாகக் கட்டிப்போட்டது ஒரு சின்ன ஏற்பாடு. ஐந்து பேர் கொண்ட குழு காட்டுக்குள் போகிறது. எல்லோரும் மாண்டால் ஆட்டம் முடிந்தது. ஊரில் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். இடையில் சம்பாதித்த அனுபவம், பொருள் எல்லாம் போச்சு. ஆனால் திரை அணைவதற்கு முன் ஒரு கேள்வி வரும்: வரைந்த படத்தை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா? ஆம் என்றால், அடுத்து போகும் குழுவின் கையில் செத்தவர்கள் வரைந்த படம் இருக்கும். என் மேசை மேல் இருக்கும் பல புலப்படங்கள் இப்படி வந்தவைதான். 66 அடிச் சங்கிலியை நூறு லிங்க்ஸாகப் பிரித்து, வெயிலில் இழுத்து அளந்து, ஜி லைனும் எஃப் லைனும் போட்டுவிட்டுப் போன மனிதர்களின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. அவர்கள் எழுதிய எண்களை நம்பித்தான் நான் இன்றைக்கும் டேப்பை விரிக்கிறேன். ஜப்பானில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ சிலர் இதைப் புரிந்துகொண்டு ஒரு விளையாட்டின் நடுவில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இனி கடைசிப் பாகத்துக்கு வருகிறேன். எட்ரியன் ஒடிசி நெக்சஸ் ஜப்பானில் 2018 ஆகஸ்ட் 2 அன்றும், ஆங்கிலத்தில் 2019 பிப்ரவரி 5 அன்றும் நின்டெண்டோவின் 3டிஎஸ் கருவிக்கு வந்தது. இந்தக் கருவியில் இதுதான் கடைசி என்று அட்லஸ் சொல்லித்தான் வெளியிட்டது. இதை எழுதும் நாள்வரை வரிசையில் அடுத்த புதிய பாகம் வரவில்லை. மஜினியா என்ற பறக்கும் நகரம் லெமூரியா என்ற தீவுக்கூட்டத்தின் மேல் வந்து இறங்குகிறது. அதன் இளவரசி பெர்சபோனி, தீவுகளை ஆராய நாடெங்கும் உள்ள பயணிகளை அழைக்கிறாள். நாமும் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போகிறோம். கதை என்று பார்த்தால் இதற்கு மேல் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை.

ஆட்களைச் சேர்ப்பதிலேயே ஒரு நாள் மாலை போய்விடும். மொத்தம் 19 வகை வீரர்கள். 18 வகை பழைய பாகங்களிலிருந்து வந்தவர்கள்; ஹீரோ என்ற ஒரு வகை மட்டும் புதிது. வெட்டிய வேகத்தில் தன் நிழலைப் போல இன்னோர் உருவத்தை விட்டுச் செல்வான் இந்த ஹீரோ. அந்த உருவமும் சண்டையில் இடம் பிடித்து நிற்கும். யாருக்கும் முன்கதை கிடையாது. முகத்தைத் தேர்ந்தெடுத்துப் பெயர் வைக்க வேண்டியது நம் பொறுப்பு. என் குழுவில் கேடயம் பிடித்து முன்வரிசையில் நிற்பவள் இசக்கி, வைத்தியம் பார்ப்பவன் சுடலை, உழவர் வகையில் சேர்த்தவள் மாடத்தி. அந்தக் கருவியில் தமிழ் எழுத்து வராது என்பதால் இவர்கள் எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் நிற்கிறார்கள். யூஜி ஹிமுகாய் வரைந்த பெரிய கண் முகங்களுக்கு இந்தப் பெயர்கள் முதலில் பொருந்தாத மாதிரி இருக்கும். இரண்டு தளம் தாண்டினால் அவர்களுக்கு வேறு பெயர் இருக்க முடியும் என்றே தோன்றாது.

மாடத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. உழவர் வகையைச் சண்டைக்கு ஆகாது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அடி பலமாக இராது, உண்மைதான். ஆனால் காட்டில் மரம், செடி, கல் பொறுக்குவதில் அவள்தான் கெட்டி. இந்த விளையாட்டில் காசு தானாக வராது. பொறுக்கியதையும் மிருகங்களின் தோல், கொம்பு, பல்லையும் கடையில் கொண்டு போய் விற்க வேண்டும். விற்ற பொருளிலிருந்துதான் கடைக்காரர் புதிய வாளும் கவசமும் செய்து வைப்பார். எல்லோருடைய ஆயுதத்துக்குப் பின்னாலும் இவளுடைய உழைப்பு இருக்கிறது. சண்டையிலும் எதிரியின் தலையையோ கையையோ காலையோ கட்டிப்போடும் வித்தை அவளிடம் உண்டு. நெருப்பு கக்குகிற பிராணியின் தலையைக் கட்டிவிட்டால் அந்தச் சுற்றில் நெருப்பு வராது. இந்த வரிசையில் வெற்றி என்பது பெரும்பாலும் இப்படித்தான் வரும்: முரட்டுத்தனமாக அடித்து ஜெயிப்பதைவிட, எதைக் கட்ட வேண்டும் என்று பார்த்து வைப்பதில்.

பார்த்து வைப்பது என்றால் எஃப்ஓஇ எனப்படும் பெரும் பிராணிகளைச் சொல்ல வேண்டும். சாதாரண எதிரிகள் கண்ணுக்குத் தெரியாமல் வந்து விழுவார்கள். இவை அப்படி இல்லை. வழியிலேயே நிற்கும், படத்திலும் தெரியும். நாம் ஓர் அடி வைத்தால் அதுவும் ஓர் அடி வைக்கும். நாம் நின்றால் அதுவும் நிற்கும். முதல் பாகத்தின் ஆரம்பத் தளங்களிலேயே வெறி பிடித்த மான் ஒன்று வரும். புதிதாகப் போகும் ஐந்து பேரையும் இரண்டு மூன்று சுற்றில் முடித்துவிடும். அதோடு மோதாமல் கடக்க, அது எந்தக் கட்டத்தில் திரும்புகிறது, எத்தனை அடியில் மறுபடி இதே மூலைக்கு வருகிறது என்று எண்ண வேண்டும். எண்ணியதைப் படத்தில் குறிக்க வேண்டும். பிறகு அது முதுகைக் காட்டும் நேரம் பார்த்து, பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து, அது போய்விட்ட வழியிலேயே மறுபக்கம் வெளியேற வேண்டும். விரல் வியர்க்கும். நாட்கள் கழித்து, பலம் கூடிய பிறகு, அதே மூலைக்கு வந்து அதே மானை எதிர்கொண்டு வீழ்த்தும்போது, தானாகக் கிடைத்த வெற்றி எதிலும் இல்லாத ஒரு நிறைவு வருகிறது. நெக்சஸில் இந்த வித்தை இன்னும் நுணுக்கமாகியிருக்கிறது. எந்தத் தளத்திலும் பெரும்பிராணிதான் புதிர். அதை அவிழ்த்தால்தான் வழி.

லெமூரியாவுக்குத் திரும்புகிறேன். மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்ற விலங்கின் உறவுகளை இந்தியப் பக்கத்திலும் கண்ட பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், இரண்டையும் இணைத்து ஒரு காலத்தில் நிலம் இருந்திருக்க வேண்டும் என்று 1864இல் எழுதினார். அந்த நிலத்துக்கு அவர் வைத்த பெயர் லெமூரியா. கண்டங்களே நகர்கின்றன என்பது நிலைநாட்டப்பட்ட பிறகு அறிவியலுக்கு அந்த நிலம் தேவைப்படவில்லை. நம்மிடமோ அது வேறு வாழ்க்கை வாழ்ந்தது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையில் கடல்கொண்ட 49 நாடுகளைச் சொல்கிறார். கடந்த நூற்றாண்டின் தமிழறிஞர்கள் பலர் அந்த நாடுகளையும் ஸ்கிளேட்டரின் நிலத்தையும் ஒன்றாகவே கண்டார்கள். அதற்கு நிலப்படங்களும் போட்டார்கள். ஆறு, மலை, நாட்டெல்லை எல்லாம் குறித்த படங்கள். இந்த வரலாற்றைச் சுமதி ராமஸ்வாமி 2004இல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார்.

குமரிக் கரைக்குப் பக்கத்தில் பிறந்தவள் நான். கடல் நிலத்தை விழுங்கும் என்பது எங்கள் ஊர்ப்பக்கம் கதையாக மட்டும் இல்லை. 2004 டிசம்பரில் அலை வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். இழந்த நிலத்தின் மேல் தமிழர்களுக்கு இருக்கும் ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அளவையாளராக அந்தப் படங்களைப் பார்க்கும்போது மனம் ஒப்புவதில்லை. ஒருவர்கூட நடக்காத நிலத்தில் ஆறு இங்கே வளைகிறது, எல்லை இங்கே முடிகிறது என்று கோடு இழுத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் நேரில் நிற்காத இடத்தில் கோடு போடுவது பாவம். அதனால் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறி இறங்குகின்றன.

நெக்சஸ் உருவாக்கியவர்களுக்குக் குமரிக்கண்டத்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. மர்மமான தொல்நிலம் என்ற பொருளில் உலகம் முழுக்கப் புழங்கும் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவே. விளையாட்டில் பஃறுளியும் இல்லை, பாண்டியனும் இல்லை. இருந்தாலும், நான் ஆடியபோது அந்தப் பெயர் என்னை விடவில்லை. இந்த லெமூரியாவின் படம் வெறுந்தாளாகத்தான் தொடங்குகிறது. நடந்தால் கோடு வரும், நடக்காவிட்டால் வராது. ஒரு சுவரில் சந்தேகம் இருந்தால் அருகே போய் முட்டிப் பார்க்க வேண்டும். சில சுவர்களில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் ஒரு சந்து இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் குறித்துவிட்டால், மறுபடி வரும்போது பாதி நடை மிச்சம். இல்லாத நிலம் ஒன்றைக் கடைசியில் ஒழுங்காக அளந்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. சிரிக்க வேண்டாம், அந்த உணர்வு உண்மையானது.

குறைகளைச் சொல்லாமல் விடுவது மதிப்புரை ஆகாது. நெக்சஸ் மிக நீளம். வேகமாக ஆடுபவர்களுக்கே அறுபது மணி நேரத்துக்குக் குறையாது. முந்தைய பாகங்களின் காடுகள் ஒவ்வொன்றாக இங்கே தீவுகளில் திரும்ப வருகின்றன. மூன்றாம் பாகத்தின் அருவிக்காடு வந்தபோது, பழகிய ஊருக்குப் பேருந்து திரும்பும் வளைவில் வருகிற மகிழ்ச்சி எனக்கும் வந்தது. காடு அதே காடு, உள்ளே வழி புதிது என்பதும் நல்ல யோசனை. ஆனால் காடுகளுக்கு நடுநடுவே வரும் கோயில்கள் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கின்றன. கதை பாதிக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கிறது. தீவு ஒன்று முடிந்தால் அடுத்த தீவு, அவ்வளவுதான். பழைய தலைவன் பிராணிகளும் மீண்டும் வருகின்றன. முதல் பாகத்தில் ஒவ்வொரு படியிறக்கத்திலும் இருந்த திகில், தெரியாத மண்ணில் கால் வைக்கும் திகில், இங்கே குறைவு. ஐந்தாம் பாகம்வரை உடன் வந்தவர்களுக்காகச் செய்த விருந்து இது. புதிதாக வருபவர் இதில் தொடங்கினால் பாதிச் சுவை புரியாமலே போய்விடும்.

பிக்னிக், பேசிக், எக்ஸ்பெர்ட், ஹீரோயிக் என்று நான்கு கடினநிலைகள் இருக்கின்றன. நேரம் இல்லாதவர்கள் பிக்னிக் எடுத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் ஒரே சண்டையில் ஏழு தடவை சாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. சுவர்களையும் கருவியே வரைந்துகொள்ளும் வசதியை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதைப் போட்டால் மிஞ்சுவது வேறு ஏதோ விளையாட்டு.

இசையையும் சொல்லியாக வேண்டும். யூஸோ கோஷிரோ முதல் மூன்று பாகங்களுக்கு என்இசி நிறுவனத்தின் பிசி-8801 என்ற எண்பதுகளின் கணினியைக் கொண்டு இசையமைத்தார். நான்காம் பாகத்திலிருந்து உண்மையான வாத்தியங்கள் வந்தன. நெக்சஸில் பழைய மெட்டுகள் புது உருவில் திரும்புகின்றன. முதற்காட்டின் மெட்டைக் கேட்டபடி பல இரவுகள் படம் வரைந்திருக்கிறேன். அவருடைய சண்டை இசையைவிட, யாரும் இல்லாத காட்டில் மெதுவாக நடக்கும்போது வரும் இசையே எனக்குப் பிடித்தது.

இப்போது நான் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். 3டிஎஸ் உற்பத்தியை நின்டெண்டோ 2020இல் நிறுத்தியது. அதன் இணையக் கடையில் விற்பனை 2023 மார்ச் 27இல் முடிந்தது. ஆங்கிலத்தில் நெக்சஸ் வந்து நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 2024 ஏப்ரலில் அந்தக் கருவியின் இணையச் சேவையும் நின்றது. இன்று ஒருவர் நெக்சஸை ஆட விரும்பினால், யாரோ பழையதாக விற்கும் கருவியையும் கார்ட்ரிட்ஜையும் தேடித்தான் போக வேண்டும். புத்தகம் அச்சில் இல்லாமல் போனாலும் நூலகத்தில் ஒரு பிரதியாவது இருக்கும். விளையாட்டுக்கு நம் ஊரில் அந்த ஏற்பாடும் கிடையாது.

முதல் மூன்று பாகங்களை அட்லஸ் மெருகேற்றி, ஆரிஜின்ஸ் கலெக்‌ஷன் என்று 2023 ஜூன் 1 அன்று ஸ்விட்ச் கருவிக்கும் கணினிக்கும் கொண்டு வந்தது. நல்ல காரியம். ஒரே திரையைப் பிரித்து ஒரு பக்கம் காட்டையும் இன்னொரு பக்கம் படத்தையும் வைத்திருக்கிறார்கள். பொத்தானாலும் வரையலாம், ஸ்விட்சில் விரலாலும் வரையலாம், கணினியில் மவுஸாலும் வரையலாம். பழைய கருவியில் மடியில் வைத்துக் குச்சியால் கோடு இழுக்கும் நேர்த்தி அதில் இல்லை. விரல் தடிப்பாக இருக்கிறது. கோடு விரலுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. ஆனாலும் வரைய முடிகிறது, வழி தவறாமல் திரும்ப முடிகிறது. கீழ்த்திரை இல்லாமல் இந்த வரிசை பிழைக்காது என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில். அப்படியானால் நான்காம், ஐந்தாம் பாகங்களும் நெக்சஸும் மட்டும் ஏன் செத்த கருவியோடு புதைய வேண்டும்? வேலை அதிகம், விற்பனை குறைவு என்று கணக்குப் பார்ப்பார்கள். பதினோரு ஆண்டுகள் ஒரு வரிசையைக் கட்டி, அதன் கடைசிப் பாகத்தைத்தான் எல்லாப் பாகங்களின் கூட்டு விருந்தாக ஆக்கியவர்கள் அவர்களே. அதை மட்டும் எவரும் வாங்க முடியாத இடத்தில் விட்டுவிடுவது நியாயம் இல்லை.

கருவி கிடைக்காதவர்களுக்கு என் யோசனை: ஆரிஜின்ஸ் கலெக்‌ஷனில் மூன்றாம் பாகத்தை எடுங்கள். மூன்றிலும் அதுதான் சிறந்தது. கப்பலில் போய்க் கடலையும் அளக்கலாம். நெக்சஸைக் கையில் வைத்திருப்பவர்கள் விற்றுவிடாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்து, முதல் தளத்தையாவது அந்தப் பிள்ளையையே வரையச் சொல்லுங்கள்.